நாற்பது உனக்கு, முப்பது எனக்கு

இன்று காலை டென்னிஸ் கோர்ட்டில் யாரோ புதுப் பந்து டப்பாவைத் திறந்தார்கள். அந்த ரப்பர் வாசனை வந்ததும், வலைக்கு அந்தப் பக்கம் உன்னைத் தேடிவிட்டேன்.

உன் வீட்டுக்காரருக்குப் புணே லோஹேகாவில் விமானப்படை வேலை, எனக்கு வங்கி. நாற்பது வயதைத் தாண்டித்தான் இருவரும் மட்டையைத் தொட்டோம். ஞாயிறு காலை ஆட்டம், பிறகு அம்ருத்துல்யா கடையில் டீ. வீட்டுக்கு வெளியே நான் தமிழில் வாயாடியது உன்னிடம் மட்டும்தான். “பூஜ்யத்தைப் போய் லவ்வுன்னு வெச்சிருக்கானுங்க பாரேன்” என்று சிரிப்பாய்.

முதல் புள்ளிக்குப் பதினைந்து, அடுத்ததற்கு முப்பது, மூன்றாவதற்கு நாற்பது, இன்னொன்று எடுத்தால் கேம். இருவரும் நாற்பதில் நின்றால் ட்யூஸ். அதன்பின் தொடர்ந்து இரண்டு எடுக்க வேண்டும். நமக்கு நடுவர் இல்லை. சர்வீஸ் போடுபவர் தன் கணக்கை முதலில் வைத்து ஸ்கோரை உரக்கச் சொல்வார். மற்றவர் நம்ப வேண்டும்.

போன மழைக்காலம் முடிந்ததும் எனக்கு நம்பிக்கை போயிற்று. முப்பதில் இருந்துகொண்டு “ஃபார்ட்டி” என்றாய். மறு வாரமும் அப்படியே. நான் ஒன்றும் சொல்லாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினேன். உன் முகத்தைக்கூட வேவு பார்த்தேன்.

ஒருநாள் உன் சர்வீஸ், நாற்பது உனக்கு, முப்பது எனக்கு. நீயோ மாற்றி, “தர்ட்டி, ஃபார்ட்டி” என்றாய். என் விரல்கள் சரியாகத்தான் எண்ணியிருந்தன. வாயைத் திறக்கவில்லை. அடுத்த புள்ளியை எடுத்தேன், கேம் எனதாயிற்று.

அடுத்த ஞாயிறு உனக்குச் சாதகமாக ஸ்கோரைத் தவறாகச் சொன்னதும், ஆட்கள் பார்க்கக் கத்தினேன். “எத்தனை வாரமாடி ஏமாத்துவே?”

நீ மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாய். “அப்படியா சொன்னேன்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். மறுபடி ஆடலாம் வா.” அந்தப் பணிவுகூட நடிப்பு என்றுதான் நினைத்தேன். அதோடு நான் வருவதை நிறுத்திக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது உன் மூளையில் கட்டி முற்றியிருந்தது. “அவளுக்கு எண்ணெல்லாம் ரொம்ப நாளாவே குழம்பிச்சாம். ஆட்டத்தை விடேன்னு சொன்னேன். ‘அவ கணக்கா எண்ணுவா, நான் தப்பினா திருத்துவா’ன்னுட்டா.”

ஓடி வந்தேன். உன் கையைப் பிடித்துச் சொன்னேன். “அன்னிக்கு நாப்பது உனக்குத்தான். தெரிஞ்சே சும்மா இருந்தேன்.”

என்னைப் பார்த்தாய். “யாரு சர்வீஸ்?” என்று கேட்டாய். நான் சொன்னது உனக்கு எட்டியதா என்பது இன்றுவரை தெரியவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

இப்போதும் ஞாயிறுதோறும் ஆடுகிறேன். விரல் மடக்கி எண்ணும் பழக்கம் விடவில்லை, சந்தேகமும் விடவில்லை. ஆனால் நான் கண்காணிப்பது எதிரில் நிற்பவரை அல்ல.