பூஜ்யத்துக்கு வைத்த வால்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் கணீரென்று இருந்தது. ஆனால் நான் மூன்றாவது வாக்கியம் தொடங்குவதற்குள் மைதானத்தில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நெட்டையை உன் கிரிக்கெட் முகாமுக்கு அனுப்பி இன்றோடு பதினெட்டு நாள். நாங்கள் இரண்டே பேர் இருந்த வீட்டில் ஒருத்தி குறைந்ததற்கே வீடு இவ்வளவு அகலமாகிவிட்டது. குளியலறை நிலையில் அவள் தலை இடிக்கும் சத்தம் கேட்காமல் எனக்குப் பொழுதே விடிவதில்லை. பத்தொன்பது வயதாகியும் குனியத் தெரியாத பெண்.

அவளுக்குச் சலுகை காட்டாதே. மாமன் பயிற்சியாளர் என்பதால் உள்ளே வந்தாள் என்று யாரும் சொல்லக்கூடாது. சாப்பிட்டாளா என்பதை மட்டும் பார்த்துக்கொள்.

ஆலையில் வேலை நெருக்குகிறது. பக்கத்து மெஷின்காரி போன வாரம் கழுத்து வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். மறுநாளே அவளைக் காலர் தைக்கும் வரிசையிலிருந்து எடுத்து, கூலி குறைந்த நூல் வெட்டும் மேஜையில் போட்டுவிட்டார்கள். நெட்டைக்கும் நான் சொல்லி அனுப்பியது அதுதான். யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், வலிக்கவில்லை என்று சொல். சமர்த்தாகத் தலையாட்டினாள்.

அணியைத் தேர்வு செய்ய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எனக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது.

உன் தங்கை


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பாதியில் வைக்கவில்லை. ஒரே மூச்சில் படித்தேன், பஸ்ஸில் இன்னொரு முறையும் படித்தேன்.

நெட்டை நன்றாகச் சாப்பிடுகிறாள். பரிமாறுகிறவர் அவள் வந்தாலே கரண்டியை மாற்றுகிறார். இங்கே வேகப்பந்து வீசுகிறவர்கள் பதினான்கு பேர், சுற்றுப்பயணத்துக்குப் போகப்போவது நான்கு பேர். வேகம் அளக்கும் கருவி நேற்று அவளுக்கு நூற்றுப் பத்தொன்பது கிலோமீட்டர் காட்டியது. அடுத்தவளுக்கு நூற்றுப் பன்னிரண்டு. கருவி கெட்டுவிட்டதோ என்று அதைப் பிடித்திருந்தவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். முகத்தை யாரும் பார்க்கக்கூடாதே என்று குனிந்து பந்துகளைப் பொறுக்கினேன்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. தினமும் காலையில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு தாள் தொங்கும். உடம்பில் எவ்வளவு வலி என்று ஒவ்வொருத்தியும் தன் பெயருக்கு நேராக ஓர் எண் எழுதவேண்டும், பூஜ்யத்திலிருந்து பத்துவரை. மூன்றுக்கு மேல் போனால் டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்புவார். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். வேகமாக வீசுகிற உடம்பு வலிக்காமல் இருக்காது. நெட்டை இருபத்தேழு நாளும் பூஜ்யம் எழுதியிருக்கிறாள்.

அந்தப் பூஜ்யத்தை நான் நம்பவில்லை. பஸ்ஸில் தலைக்கு மேலே இருக்கிற தட்டில் எல்லார் பையையும் எடுத்துவைப்பது அவள்தான், உயரம் அப்படி. ஒரு வாரமாகத் தன் பையையே விக்கெட் கீப்பர் பெண்ணிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறாள். அந்தப் பெண் இவள் தோளுக்குக்கூட வரமாட்டாள், சீட்டின்மேல் ஏறி நின்று வைக்கிறாள். பின்பக்கம் வளைந்தால் இடுப்பில் சுரீரென்கிறவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். முதுகெலும்பில் மயிரிழைபோல விரிசல் விழுகிற இடம் அது. இப்போதே கண்டுபிடித்தால் சில வாரம் ஓய்வு. முழுக்க விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை.

அவளையே கேட்டேன். “இல்ல மாமா” என்றாள். தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார், இவள் குதித்துக் காட்டினாள். எனக்குப் பாசம் அதிகம் என்று அவர் என் முதுகில் தட்டினார். இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். தேர்வில் சொந்தக்காரர் பெயர் வந்தால் நான் அறையைவிட்டு எழுந்து போய்விடவேண்டும், அவளைப்பற்றி நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது. நானே கேட்டு வாங்கிப் போட்ட கையெழுத்து. வேறு யாராவது இதே பையைப் பற்றிச் சொல்லியிருந்தால் உடனே ஸ்கேன் எடுத்திருப்பார்கள்.

அவள் காதில் ஏறுவது உன் பேச்சு மட்டும்தான். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

கோபம் ஆறட்டும் என்று மூன்று நாள் இருந்தேன். ஆறவில்லை.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வலிக்கிறது என்று தானாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறாய். அப்புறம் சுற்றுப்பயணம் எங்கே, அவள் எங்கே? அடுத்த வருஷம் இன்னொரு பதினான்கு பேர் வந்து நிற்பார்கள். நூல் வெட்டும் மேஜைக்குப் போனவள் திரும்பக் காலர் வரிசைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

நம் வீட்டில் ஆணி வைத்த ஷூ ஒரு ஜோடிதான் வாங்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் உன்னைவிட வேகமாக வீசினேன். நீயே பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொண்டிருக்கிறாய். ஷூ உன் காலுக்குத்தான் வந்தது. ஒரு நாள் முகம் சுளித்திருப்பேனா? அதைக் கழுவி வெயிலில் வைத்ததும் நான்தான். இப்போது என் மகள் முறை வரும்போது, மருமகளைத் தூக்கிவிட்டான் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்று உனக்குப் பயம். உன் பேர் வெள்ளையாக இருக்க என் பெண் வெளியே உட்காரவேண்டுமா?

வலி எனக்கும்தான் இருக்கிறது. வேலை முடிந்து எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புகிறேன். நான் யாருக்கு எண் எழுதிக் கொடுத்தேன்?

அவளிடம் நான் எதுவும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே.

தங்கை


மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

ஷூ விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் இது அது இல்லை.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை சாப்பாட்டுக் கூடத்து வாசலில் யாரும் இல்லை. நெட்டை எழுதிய பூஜ்யம் கண்ணெதிரே இருந்தது, சட்டைப் பையில் பேனா இருந்தது. பூஜ்யத்துக்கு மேலே ஒரு வால் வைத்தேன். ஆறாகிவிட்டது.

பத்து மணிக்கு டாக்டர் அவளைக் கூப்பிட்டார். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நான் போட்ட ஆறு இல்ல” என்றாள். வால் மட்டும் பச்சை மை. முகாமில் பச்சைப் பேனா வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். இத்தனை வருஷம் மைதானத்தில் கழித்தவனுக்குக் கள்ளத்தனம்கூட ஒழுங்காக வரவில்லை. மறைக்காமல் ஒத்துக்கொண்டேன். டாக்டர் நல்ல மனிதர், எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே என்றார். வேண்டாம் என்றாள். மாட்டேன் என்கிறவளைக் கட்டாயப்படுத்தி எடுக்க முடியாது.

எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். அவள் பந்து வீசும் பயிற்சி வலைப்பக்கம் இனி நான் போகக்கூடாது. சனிக்கிழமைவரை என் வார்த்தைக்குக் கால் பங்கு மதிப்பாவது இருந்தது. அதையும் நானே போக்கடித்துக்கொண்டேன்.

வராந்தாவில் என்னை நிறுத்தி, “நீங்க எனக்கு மாமாவா, எதிரியா?” என்று கேட்டாள். அவள் முகம் அப்படியே உன் முகமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தேர்வு. ஞாயிறு போன் செய்வாளே, அதற்கு முன்னால் நீயே ஒரு முறை கூப்பிட்டுப் பேசமாட்டாயா?

அண்ணன்


ஏப்ரல் 4

தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவள் பெயர் வந்ததும் எழுந்து வெளியே போனேன். வராந்தாவில் தண்ணீர் பிடிக்கும் குழாயும், காலொடிந்த நாற்காலி ஒன்றும் இருந்தன. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை இறுக்கினேன். மற்ற பெண்கள் ஒவ்வொருத்திக்கும் கால் மணிநேரம் வாதாடினோம். இவளுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து எனக்குக் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

அண்ணன்


ஏப்ரல் 8

பயிற்சியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதங்கள் கிடைத்தன. மகள் தேர்வான செய்தியைத் தாங்கள் எழுதுவதற்கு முன்பே அவளே போனில் சொல்லிவிட்டாள். ஆலையில் வரிசை முழுக்க மெஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். என்னை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தினார்கள். சூப்பர்வைசர், இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மூன்று நிமிஷமும் நீங்கள் வெளியே இருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் எழுதியதைத் திருத்தினீர்களே, அதை என்னால் மறக்க முடியாது. இனி எழுதவேண்டாம். அவள் ஆடுவதை டிவியில் பார்த்துக்கொள்கிறேன்.

அவளுடைய அம்மா


ஏப்ரல் 27

தங்கச்சி,

எழுதவேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

போட்டியில் அவள் மூன்றாவது ஓவரில் பந்தை விட்டதும் முழங்காலில் உட்கார்ந்தாளே, டிவியில் அதுவரை பார்த்திருப்பாய். எல்லைக்கோட்டில் நான் ஐஸ் பெட்டியோடு நின்றேன். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் பக்கம் போகக்கூடாது என்று ஒருவரும் அப்போது சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று கேட்டாள். நெட்டைக்கு இரண்டு காதுப்பக்கமும் கண்ணீர் வழிகிறது, கட்டிலின் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போயிருக்கிறது. “பூஜ்யம்” என்றாள். நர்ஸ் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் பூஜ்யம். நர்ஸ் என்னைப் பார்த்துச் சொந்தக்காரரா என்றாள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் நீங்கள் உள்ளேயே இருங்கள் என்றாள். சொந்தக்காரன் என்பதால் என்னை ஓர் அறைக்குள் இருக்கச் சொன்னது அன்று ஒரு நாள்தான்.

இடதுபக்கம் எலும்பு முழுக்க விட்டுப்போயிருக்கிறது, வலதுபக்கம் பாதி. ஒன்பது மாதம் பந்தைத் தொடக்கூடாது. அதற்கப்புறம் பழைய வேகம் வருமா என்று கேட்டேன். டாக்டர் கோப்பை மூடிவிட்டு, முதலில் நடக்கட்டும் என்றார்.

பத்து நாளில் அழைத்து வருகிறேன்.

அண்ணன்


மே 22

தங்கச்சி,

அவளை அங்கே விட்டுவந்த பிறகு இது நான்காவது கடிதம். முகாமில் இப்போது புது விதி வந்திருக்கிறது. எண் எதுவாக இருந்தாலும் வேகப்பந்து வீசுகிற எல்லாருக்கும் மாதம் ஒருமுறை ஸ்கேன். கையெழுத்துப் போடத் தாளை என்னிடம் நீட்டினார்கள். போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


ஜூன் 15

அண்ணா,

உன் கடிதங்களை நேற்றுத்தான் பிரித்தேன். நீ அவளை அழைத்து வந்த அன்று வாசலில் அவள் பையை வாங்கிக்கொண்டு உன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றாய், பிறகு போய்விட்டாய்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. போட்டிக்கு முந்தின நாள் அவள் போன் செய்தாள். “அம்மா, இடுப்புல ஒரு மாதிரி இருக்கு. நாளைக்கு என்ன எழுதட்டும்?” என்றாள். நான் யோசிக்கவே இல்லை. “பூஜ்யம் எழுது” என்றேன். அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடுமே என்று போனை வைத்துவிட்டேன். உன்னைச் சொன்னேனே, மூன்றாவது வாக்கியம் தொடங்குவதற்குள் வைத்துவிடுகிறாய் என்று. அவள் இரண்டாவது வாக்கியம்தான் பேசியிருந்தாள்.

இங்கே வந்ததிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இடுப்புப் பட்டையைத் தானே கட்டிக்கொள்கிறாள். தட்டு வைத்தால் சாப்பிடுகிறாள், எழுந்து போகிறாள். குளியலறை நிலையில் தலை இடிப்பதில்லை, அவ்வளவு மெதுவாக நடக்கிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் உங்கள் முகாமில் இருந்ததுபோல ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன், நூலில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட்டேன். பத்தொன்பது நாளும் பூஜ்யம் எழுதினாள்.

இன்று காலை ஆறு எழுதியிருக்கிறாள்.

முதலில் மையின் நிறத்தைப் பார்த்தேன், உன் வேலையோ என்று புத்தி போயிற்று. அவள் கைதான். ஒரே இழுப்பில் போட்ட ஆறு. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. பெற்ற மகளுக்கு வலிக்கிறது என்று சந்தோஷப்படுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். வலி இருக்கத்தான் செய்யும், மாத்திரை கொடுத்தாயிற்று, அடுத்த மாதம் வாருங்கள் என்றார். உங்கள் தாளில் மூன்றுக்கு மேல் போனால் யாரோ வருவார்கள், எங்கேயோ அழைத்துப் போவார்கள். இந்தச் சமையலறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன். அவள் எழுதிவிட்டு அறைக்குள் போய்விட்டாள், கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறாள். நான் இன்று ஆலைக்குப் போகவில்லை. தாளுக்கு முன்னால் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.

ஆறு என்று எழுதினால் நான் என்ன செய்யவேண்டும், அண்ணா?

உன் தங்கை