தலையில் இறங்காத பதக்கம்

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி குறைந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

சொன்னபடியே அந்தப் போட்டியில் கலந்துகொண்டேன். முதலில் ஏரியில் நீச்சல், அப்புறம் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் ஓட்டம். இது பாதித் தூரப் போட்டிதான், பயப்படாதே. முழுத் தூரம் போகிற பைத்தியங்களும் இருக்கிறார்கள்.

நீச்சலில் ஏரியைக் கொஞ்சம் குடித்துவிட்டேன். சைக்கிளில் தப்பித்துக்கொண்டேன். இறங்கி ஓட ஆரம்பித்ததும் தெருவோரம் நின்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் அதிகம் கைதட்டினார்கள். சிலர் தங்கள் தலையைத் தொட்டுக் காட்டினார்கள். இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி கையசைத்துக்கொண்டே ஓடினேன்.

நேரம் முடியப்போகிற சமயத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டேன். பதக்கம் மாட்ட வந்த அம்மா எவ்வளவு முயன்றும் நாடா என் தலையில் இறங்கவே இல்லை. அப்போதுதான் தெரிந்தது, சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே முழு ஓட்டத்தையும் ஓடியிருக்கிறேன்.

அறையில் கூட இருக்கும் வெல்டர் தம்பி இன்னும் சிரித்து முடிக்கவில்லை. "அண்ணே, அடுத்த தடவ சைக்கிளையும் தூக்கிட்டு ஓடுங்க" என்கிறான்.

யாராவது இங்கே வந்தால் இரண்டு பனியன் கொடுத்துவிடு. இங்கேயும் கிடைக்கிறதுதான். ஆனால் என் அளவு உனக்குத்தான் தெரியும்.

ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், மெக்கானிக் என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கிளம்புகிறேன். அங்கே நான் கிளம்பும்போதெல்லாம் வாசல் வரை வந்து, "ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டுப் போங்க" என்பாய். இங்கே கழற்றச் சொல்லக்கூட ஆள் இல்லை.

உன் வீட்டுக்காரன்