முதல் டோக்கன் புத்தகம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நம் சாப்பாட்டுக் கடையின் எரிந்துபோன சமையலறையைக் கட்டி, இரண்டாவது கடையும் திறக்கப் பணம் போடுகிறேன் என்கிறவரைப் பங்குதாரராகச் சேர்க்காதீர்கள். இங்கே நான் சமைக்கிற ஓட்டலில் எங்கள் முதலாளி அப்படி ஒரு மகாராசனைச் சேர்த்தார். வெந்நீர் வைக்கத் தெரியாத அந்த ஆள் நேற்று என் குழம்பை நக்கிப் பார்த்து, "வெங்காயத்தப் பாதியாக்கு, எவனுக்குத் தெரியப்போகுது?" என்றான். முதலாளி பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

தினமும் சாப்பிட வருகிறவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சாப்பாட்டு டோக்கன் புத்தகம் கொடுங்கள்; அந்தப் பணத்திலேயே சமையலறையைக் கட்டிவிடலாம். அவர்களிடம் கேட்பதில் என்ன வெட்கம்? இந்த மாதிரி ஆளைக் கல்லாவில் உட்கார வைப்பதுதான் வெட்கம்.

அடுப்பில் வேலை இருக்கிறது, நிறுத்துகிறேன். முதல் புத்தகம் எனக்கு. முப்பது சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். அதில் கடைசித் தேதி மட்டும் போடாதீர்கள்.

உங்கள் மகன்