நீலச் சரிவுப் பாதையை என் அக்காவுக்காக ஒரு நாள் திறக்கக் கோருதல்

அனுப்புநர்:
நெவில் குவார்ட்டர்மெய்ன்,
டூட்யே, மேற்கு ஆஸ்திரேலியா.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கரிங்கப் தேசியப் பூங்கா.

பொருள்: மூடிய பாதையைப் பூ உதிர்வதற்குள் சோதித்துத் திறந்துவிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. வசந்தம் தோறும் நானும் என் அக்கா பெரிலும் தங்கள் பூங்காவில் நடந்து வருகிறோம். அங்குள்ள கங்காருகள் எங்களைக் கண்டால் எழுந்து நின்று வழிவிடும் அளவுக்குப் பழைய ஆட்கள் நாங்கள்.

2. சென்ற ஞாயிறன்று அக்கா மகள் டாம்சின் எங்களைக் காரில் அழைத்து வந்தாள். வாசலில், விதிப்படி, காலணிச் சேற்றைத் தேய்த்துக் கழுவி மருந்து தெளித்தோம். பேங்க்சியா மரங்களை வேரோடு சாகடிக்கும் நோய் ஈரமண்ணில் ஒட்டிப் பரவுவதை நாங்கள் அறிவோம். ஆகவே நான் தேய்த்த தேய்ப்பில் காலணியின் அடிப்பாகம் கண்ணாடி போலானது. "மாமா, அதுல முகம் பாத்து சவரம் பண்ணிடாதீங்க" என்றாள் டாம்சின்.

3. பத்தடி நடந்ததும் சங்கிலி. மழை ஈரத்தால் பாதை மூடப்பட்டுள்ளது என்று பலகை. மண்ணோ காய்ந்து வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பில் என் கைத்தடி விழுந்திருந்தால் மறுபக்கம் ஐரோப்பாவில் எடுத்திருக்கலாம். அலுவலகத்தில் விசாரித்தோம். பள்ளி விடுமுறை முடிந்த பிறகே சோதனை என்றார்கள். அதற்குள் கிழக்குக் காற்று அடித்து, சரிவையே நீலமாக்கும் லெஷனால்டியாப் பூ ஒன்று பாக்கியில்லாமல் கருகிவிடும்.

4. அடுத்த வசந்தத்தில் பார்க்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். பெரிலின் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இப்போது கைக்கெட்டும் தூரம் மட்டுமே தெரிகிறது. அடுத்த வசந்தத்துக்கு அதுவும் இராது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார்.

5. சங்கிலியருகே நின்று, தூரத்துச் சரிவை அவளுக்கு வருணித்தேன். வானம் வழுக்கி விழுந்து அங்கே படுத்துக் கிடக்கிறது என்றேன். இன்னும் என்னென்னவோ அளந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நெவில், நீ சொன்னதுல பாதியக் கழிச்சுக் கழிச்சே எனக்கு வயசாயிடுச்சு. இந்த நீலத்த மட்டும் நானே பாத்துக்கறேண்டா" என்றாள்.

அம்மையீர், திரும்பும் வழியெல்லாம் அவள் கார்க் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்திருந்தாள். வெளியே கோதுமை வயல்தான் ஓடியது.

6. ஆகவே, தங்கள் காவலர் ஒருவரை இந்த வாரமே அனுப்பி மண்ணைச் சோதிக்க வேண்டுகிறேன். ஈரம் இருந்தால் மூடியே வையுங்கள். மரங்கள் சாவதைப் பெரிலும் பொறுக்கமாட்டாள். காய்ந்திருந்தால், அவள் குனிந்து ஒரு பூவை முகத்தருகே பார்க்கும் நேரம் மட்டும் போதும். பறிக்கமாட்டாள்.

திறப்பதாக இருந்தால், பதிலைப் பெரிய எழுத்தில் அவள் பெயருக்கே அனுப்புங்கள், அவளே படிக்கட்டும். இயலாது என்றால் சிறிய எழுத்தில் என் பெயருக்கு எழுதுங்கள். அதை அவளுக்கு எப்படிப் படித்துக்காட்டுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: டூட்யே
நாள்: செப்டம்பர் 14

பணிவும் அவசரமும் கலந்து,
நெவில் குவார்ட்டர்மெய்ன்