ஆரிப் கிள்ளிய தக்காளிச் செடி

மயூர் விஹார் வீட்டு பால்கனியில் இருந்த இரண்டு தக்காளிச் செடிகளில் ஒன்றின் பக்கக் கிளைகளை ஆரிப் கிள்ளிவிட்டான். அதற்காக மனைவி இந்துஜா மூன்று வாரம் முறைத்துக்கொண்டிருந்தாள். இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்தால், அந்தச் செடியில்தான் காய் பிடித்திருந்தது. அவள் எருவைக் கொட்டி வளர்த்த மற்றது வெறும் இலைக்காடு. தூங்குகிறவனை எழுப்பிச் சொல்ல வெட்கப்பட்டு, சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்:

“ஆரிப், ஹாட்பாக்ஸில் உப்புமா இருக்கு. சாவியை மறக்காம எடுத்துட்டுப் போ. உன் செடியில நாலு காய்! கிளையைக் கிள்ளினாத்தான் சத்து காய்க்குப் போகும்னு நீ சொன்னது சரிதான்.”

அடியில், மிச்சமிருந்த இடுக்கில்:

“‘கொலைகாரா’ன்னு திட்டினதை வாபஸ் வாங்கிக்கறேன். சாயந்திரம் என் செடியையும் கிள்ளிக் குடு. பூ இருக்கற கிளையைத் தொடாதே. நான் கண்ணை மூடிட்டுப் பக்கத்துலயே நிக்கறேன்.”