பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

மச்சான்,

முதியோர் பள்ளியில் நேற்றுப் புதுப் புத்தகம் கொடுத்தார்கள். பிரித்ததும் மையும் பசையும் கலந்த வாசனை. முகர்ந்துகொண்டே, வரிக்கடியில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். டீச்சர் பெண், "தாத்தா, வாயைத் திறக்காம மனசுக்குள்ளேயே படிங்க" என்றது. படித்தேன். "ஏரியில் நீர் நிறைந்தது" என்று என் தலைக்குள் யாரோ சொன்னார்கள்.

புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன். அந்தப் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து உங்களைத் தேடினேன். நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆனது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் தங்கச்சி, என் வீட்டுக்காரி, காய்ச்சலில் செத்துப்போன அந்த வருஷம், அமராவதிபுதூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டில் எனக்குக் கதவுகளைப் பழுது பார்க்கிற வேலை. வீட்டுக்காரர்கள் மெட்ராஸில். நான் ஒருவன்தான் உள்ளே. சோறு மண்ணாக இருந்தது. உளி கையில் கனத்தது. அழுகை வந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். உள்ளே ஒன்றுமே இல்லை.

ஒருநாள் மத்தியானம் கொல்லைக் கிணற்றடியில் வளையல் சத்தம். எனக்குச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் அவள் கால் கழுவுகிற இடம் அது. எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பினால், கிணற்றடியிலிருந்து நான் நிற்கிற இடம் வரைக்கும் ஈரக் காலடி. குனிந்து தொட்டேன். தரை காய்ந்து கிடந்தது. பிறகு தினமும் ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டது. அவள் குரலேதான். உள்ளே அவளிடமே போய்விடலாம் என்று இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கல்லலிலிருந்து ரயிலேறி நீங்கள் வந்தீர்கள். "என்ன மாப்பிள்ளை, பழநிக்கு நேந்துகிட்டீகளா, இல்லை கத்தி தொலைஞ்சுபோச்சா?" என்று என் தாடியைப் பார்த்துக் கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கேட்கக் கேட்க எல்லாம் சொல்லிவிட்டேன்.

"எப்படிக் கூப்பிடுறா? அப்படியே சொல்லுங்க."

"ஆறுமுகம், வா. அவ்வளவுதான்."

உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு, என் தங்கச்சியா? ஓட்டு லிஸ்ட் எடுக்க வந்த வாத்தியார் புருசன் பேரு கேட்டப்ப, சுவத்துல முருகன் படத்தைக் காட்டி, மொகத்தை எண்ணிக்கங்கன்னவ அவ! அவ உங்க பேரைச் சொல்லுவாளா? வான்னு கூப்பிடுவாளா? அது அவ இல்லை மாப்பிள்ளை. அவ கொரலை வச்சுக்கிட்டு வேற என்னமோ பேசுது."

பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. நீங்கள் தடுக்கவில்லை.

மறுநாள் மதுரைக்கு பஸ் ஏற்றினீர்கள். மனசுக்கும் சீக்கு வரும், அதில் இல்லாதது கேட்கும், தெரியும் என்றார் டாக்டர். மாத்திரையில் நாக்குத் தடித்தது, நாளெல்லாம் தூக்கம். திரும்பி வந்ததும் அந்தக் கிணற்றுக்கு என்னையே மூடி செய்ய வைத்தீர்கள். அரை நாள் வேலை. எனக்கு நாலு நாள் ஆனது. நாலு நாளும் கிணற்றுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டீர்கள். "சத்தம் வந்தாச் சொல்லுங்க, நானும் ரெண்டு கேள்வி கேக்கணும்" என்றீர்கள். வந்தது. சொன்னேன். "பேரு சொல்லுதா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். "அப்ப ஆணியை அடிங்க."

அந்தக் குரல் ஒரேயடியாகப் போய்விடவில்லை, மச்சான். தூரப் போய் நின்றுகொண்டது. எப்போதாவது சமையல்கட்டில் ஈரக் காலடி தெரியும். நான் தொட்டுப் பார்ப்பதில்லை.

நேற்று, தலைக்குள் யாரோ படிப்பதைச் சொன்னதும் டீச்சர் பெண் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "தாத்தா, அந்தக் குரல் நீங்கதான்" என்றது. நம்பாமல், புத்தகத்தை மூடினேன். குரல் நின்றது. திறந்தேன். விட்ட இடத்திலிருந்து ஏரி நிறைந்தது. மூடினேன், திறந்தேன், மூடினேன். பக்கத்திலிருந்த கிழவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். இந்த வயசில் நான் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். சிலேட்டில் "ஆறுமுகம்" என்று எழுதி, வாயைத் திறக்காமல் படித்தேன். கிணற்றுக்குள்ளிருந்து வந்த அதே குரல். "வா" என்ற அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நான் அதை எழுதவில்லையே, மச்சான்.

கீழே என் பேரை எழுதப்போகிறேன். எழுதும்போது வாய்விட்டே சொல்லிக்கொள்கிறேன், என் குரலில்.

ஆறுமுகம்