இன்னொரு கால்

சாந்தோம்,
12-2-1947

கொழும்புத் துறைமுகத்தில் வேலையாக இருக்கும் என் அண்ணன் காஸ்பருக்கு, தங்கை லூயிசா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். குழந்தை ஆனிக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று.

உங்கள் மைத்துனர் இன்னும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கால் கட்டைவிரலை எடுத்த புண் ஆறவில்லை. கறுப்பு பாதத்துக்கு ஏறிவிட்டது. பீடிப் புகையால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். டாக்டர் சுந்தரராமன் என் எதிரிலேயே, "இன்னிக்கே விட்டா இன்னொரு காலாவது தங்கும். காலா பீடியா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். இவர் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார்.

மறுநாள் கஞ்சி கொண்டுபோனபோது, வராந்தாக் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றபடி பீடி குடித்துக்கொண்டிருந்தார். பிடுங்கி எறிந்தேன். "முடியல லூயிசா, நான் இன்னா பண்றது" என்று அழுதார். எங்கள் கல்யாண வீட்டில் அத்தனை பேரையும் சிரிக்கவைத்த மனிதர்.

பக்கத்துக் கட்டிலில் மெஹபூப் அலி என்று ஒரு தையற்காரர். அவருக்கு இரண்டு காலும் இல்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தாயே, ஒரு பீடி கீதா?" என்று கை நீட்டிக் கேட்கிறார். அந்தக் குரலைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை இவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கிறார்கள். இது உங்கள் கைக்கு வரும்போது முடிந்திருக்கும். நேற்று போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் இவருடைய நல்ல காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் தவக்காலம் முழுக்கப் பீடியைத் தொடாமல் இருந்தவர்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பற்றவைப்பதும் அவர்தான்.

அண்ணா, துறைமுகத்திலிருந்து மேடேறும்போது கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது, நின்று ஒரு பீடி பிடித்தால் சரியாகிவிடுகிறது என்று விளையாட்டாக எழுதியிருந்தீர்கள். இவருக்கும் அப்படித்தான் தொடங்கியது. கடற்கரையில் நடக்கையில் அடிக்கடி நின்று அலையைப் பார்ப்பார். அச்சகத்தில் நாளெல்லாம் நிற்கிறவர், காற்று வாங்கட்டும் என்று நானும் கூடவே நிற்பேன். வலிக்குத்தான் நின்றார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இன்றே ஒரு டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். பெட்டியில் இருக்கிற பீடியைக் கடலில் போடுங்கள். எனக்குத் தேறுதல் சொல்லி எழுத வேண்டாம். எழும்பூரில் ரயிலைவிட்டு இறங்கி நீங்கள் நடந்து வர வேண்டும், அது போதும். மாதா உங்கள் கால்களைக் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
லூயிசா